சோளமும் சுண்ணாம்பும்: மெக்சிக்கோ அடுப்பு மலைநாட்டிற்குக் கற்பிக்கும் பாடம்

தானியம் ஒன்று தான் பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடுகளுக்குச் செல்லும்பொழுது பெரும்பாலும் விதை மட்டுமே செல்கின்றது. அதனைப் பக்குவஞ் செய்யும் முறையும், அதனோடு எவற்றைச் சேர்த்து உண்ணல் வேண்டும் என்னும் அறிவும் பிறந்த நாட்டிலேயே தங்கிவிடுகின்றன. அவ்வாறு முறையைக் கைவிட்டுத் தானியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டமையால் பல்லாயிரம் மக்கள் நோயுற்று மாண்ட வரலாறு ஒன்று உண்டு. அது சோளத்தின் வரலாறு. மெக்சிக்கோ நாட்டார் சோளத்தை உண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தனர். அதே சோளத்தை உண்ட வேறு நாட்டாரோ நோய்வாய்ப்பட்டனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதையும், நுவரெலியா, ஹற்றன் பகுதிகளிலுள்ள கமக்காரரும் தோட்டக் குடும்பத்தினரும் இதிலிருந்து கொள்ளத்தக்க பயன் யாது என்பதையும் இங்கு விளக்குவோம்.

இங்கே சோளம் என்று நாம் குறிப்பது பொத்தியாக விளையும் தானியத்தையே. தமிழகத்தில் இதனை மக்காச்சோளம் என்பர். இறுங்கு என நம் நாட்டில் வழங்கும் சிறுமணித் தானியம் வேறு, இது வேறு.

தோட்டத்து அடுப்பும் கோதுமை மாவும்

விடியற்காலையில் லயங்களின் கூரைகளுக்கு மேலே புகை எழும்பொழுது பல அடுப்புகளில் ஏறியிருப்பது ரொட்டி சுடும் கல்லேயாகும். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் கோதுமை மாவைப் பிசைந்து, கையால் தட்டி, ரொட்டி சுட்டு, சம்பலும் வைத்துவிட்டு மலைக்கு ஏறுகின்றாள். இவ்வுணவு மலைநாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆயினும் அந்த மாவுக்குரிய கோதுமை இத்தீவில் விளைவதன்று, கப்பலில் வருவது.

இவ்வழக்கம் மிகப் பழையதுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர்கள், தத்தம் ஊர்களிற் கம்பு, கேழ்வரகு, இறுங்கு, வரகு எனப் பல தானியங்களை உண்டு பழகியவர்கள். தோட்டங்களில் அவர்களுக்கு அரிசியே அளக்கப்பட்டது. அவ்வரிசியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்ததே. 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு தடைப்பட்டது. அந்த யுத்த காலத்திலேயே கோதுமை மா பங்கீட்டில் முக்கிய இடம் பெற்றது. யுத்தம் முடிந்த பின்னரும் அது அடுப்பை விட்டு நீங்கவில்லை.

வெளியிலிருந்து வரும் ஒரே மாவை நம்பியிருத்தலின் ஆபத்தை மலைநாடு இருமுறை கண்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு வேறெப்பகுதியையும் விடத் தோட்டப் பகுதியையே கடுமையாகத் தாக்கிற்று. பட்டினியால் உயிர்கள் நீங்கின. மீண்டும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தது. நெருக்கடி இல்லாத காலத்திலும் நிலைமை திருப்தி தருவதாக இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ 100க்கு ஏறக்குறைய 32 பேர். இதற்குக் காரணங்கள் பல. தட்டில் மாப்பொருள் மிகுந்தும் புரதமும் விற்றமின்களும் குறைந்தும் இருப்பது அவற்றுள் ஒன்று. ஆகவே, ஒரு தானியத்தையே அடிப்படையாகக் கொண்டும் சத்துக் குறையாத உணவை அமைத்துக்கொண்ட மக்களைப் பற்றி அறிவது நமக்குப் பயன் தருவதாகும்.

சோளம் பிறந்த நாடு

சோளம் தென் மெக்சிக்கோவிற் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பயிராக்கப்பட்டது என ஆராய்ச்சியாளர் முடிவு செய்துள்ளனர். தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லே இதன் மூதாதை. அப்புல்லின் கதிரிற் சில கடினமான மணிகளே உள. அதிலிருந்து நல்லனவற்றைத் தெரிந்து மீண்டும் மீண்டும் விதைத்து, இன்றைய பொத்தியை உண்டாக்கியவர்கள் அந்நாட்டுப் பழங்குடிக் கமக்காரரே. இன்றும் அங்கு வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு எனப் பல நிறமுள்ள ஏறக்குறைய 60 நாட்டு வர்க்கங்கள் உள்ளன.

அந்நாட்டார் சோளத்தை உண்ணும் வகைகளைக் கேட்போர்க்கு அவை நம் சமையலுக்கு அந்நியமானவையாகத் தோன்றா. சோள மாவை மெல்லிய வட்டமாகத் தட்டிச் சூடான மண்கல்லில் எண்ணெயின்றிச் சுடுவது தோர்ட்டியா. அது நம் ரொட்டியின் இனத்தது. மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சுவது அத்தோலே. அது நம் கூழ். மாவைச் சோளமடலில் அல்லது வாழையிலையில் மடித்து ஆவியில் அவிப்பது தமால். அது கொழுக்கட்டையை ஒத்தது. முழுமணியை மலர வேகவைத்து இறைச்சியோடு சேர்த்து ஆக்குவது பொசோலே. மாவரைக்கும் மெத்தாத்தே என்பது மூன்று கால்களையுடைய சாய்ந்த கல். அதன்மேல் உருட்டும் நீண்ட கல்லையும் சேர்த்துப் பார்த்தால் அம்மியும் குழவியுமே நினைவிற்கு வரும். இவற்றோடு அவரையும் மிளகாயும் தக்காளியும் பூசணியும் சேர்ந்தே அவர்களுடைய உணவு நிறைவு பெறுகின்றது. நம் சம்பலில் அரைபடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். இச்சமையல் மரபு முழுவதையும் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

சுண்ணாம்பு நீர் செய்யும் வேலை

இவ்வுணவுகள் பெரும்பாலானவற்றிற்கும் அடிப்படையானது ஒரே செயல்முறை. காய்ந்த சோளமணியை அவர்கள் அப்படியே மாவாக்குவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு கலந்த நீரில், அல்லது விறகுச் சாம்பல் கலந்த நீரில், மணிகளை வேகவைத்து, இரவு முழுவதும் அந்நீரிலேயே ஊறவிட்டு, காலையிற் கழுவி, ஈரமாகவே அரைக்கின்றனர். இவ்வாறு பக்குவஞ் செய்த மணிக்கு நிஷ்தமால் என்று பெயர். சாம்பல் என்னும் பொருளுடைய பழங்குடி மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

சுண்ணாம்பினால் விளையும் நன்மைகள் நான்கு. முதலாவது, மணியின் கடினமான தோல் கழன்றுவிடுகின்றது, அரைத்தல் எளிதாகின்றது. இரண்டாவது, மா ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகின்றது. இல்லாவிடிற் சோளமாவை ரொட்டியாகத் தட்டும்பொழுது அது உடைந்து போகும். மூன்றாவது, எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கல்சியச் சத்து உணவிற் சேர்கின்றது. நான்காவதே மிக முக்கியமானது. சோளத்தில் நியசின் என்னும் பி வகை விற்றமின் உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி வேறு பொருள்களோடு பிணைப்புண்டு கிடப்பதால் நம் உடல் அதனைப் பெற்றுக்கொள்ள இயலாது. சுண்ணாம்பு நீர் அப்பிணைப்பை அவிழ்த்து விடுகின்றது. வயிற்றிற் சென்றும் பயன்படாதிருந்த சத்து அப்பொழுதே பயன்படுவதாகின்றது.

முறையை விட்டவர்கள் பட்ட துன்பம்

1492ஆம் ஆண்டிற்குப் பின்னர்ச் சோளம் கடல் கடந்து ஐரோப்பாவிற்குச் சென்றது. குறைந்த நிலத்தில் நிறைந்த விளைவு தருவதாகையால் வறியவர்களின் உணவாயிற்று. ஆனாற் சுண்ணாம்பு முறை உடன் செல்லவில்லை. 1735ஆம் ஆண்டளவில் வட ஸ்பெயினிற் கஸ்பார் கசால் என்னும் வைத்தியர், சோளத்தையே பெரும்பாலும் உண்ட ஏழைக் குடியானவரிடம் ஒரு புதிய வியாதியைக் கண்டார். வெயில் படும் இடங்களில் தோல் கருகித் தடித்தது, வயிற்றோட்டம் உண்டாயிற்று, முற்றிய நிலையிற் சித்தம் கலங்கிற்று. இத்தாலியில் இதற்குப் பெலாகிரா எனப் பெயரிட்டனர். கரடான தோல் என்பது அதன் பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாகாணங்களில் இவ்வியாதி பெருகிற்று. 1914ஆம் ஆண்டில் இதனை ஆராய நியமிக்கப்பெற்ற யோசப் கோல்ட்பேர்கர் என்னும் வைத்தியர், இது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்று பல சோதனைகளால் நிறுவினார். பாலும் முட்டையும் இறைச்சியும் பருப்பும் கொடுத்த இடங்களில் நோய் மறைந்தது. 1937ஆம் ஆண்டில், நியசினே குறைபட்ட பொருள் என்பதைக் கொன்ராட் எல்வேயெம் என்னும் விஞ்ஞானி கண்டறிய வழி செய்தார்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கு நோயுற்றவர்களிற் பெரும்பாலோர் பருத்தி நிலங்களில் வாரத்திற்கு உழைத்த குடியானவரும் பருத்தி ஆலைத் தொழிலாளருமாவர். பணப்பயிரான பருத்தி வீட்டு வாசல் வரை நடப்பட்டது. மரக்கறித் தோட்டத்திற்கும் பசுவிற்கும் இடமில்லை. உணவுப் பொருளைக் கடனாகக் கடையிலிருந்தே பெற்றனர்; பெற்றது பெரும்பாலும் சோளமாவும் கொழுப்பும் வெல்லப்பாகுமே. ஆலைக் கிராமங்களில் ஆராய்ந்தபொழுது, பாலும் புதிய உணவும் கிடைத்த குடும்பங்களில் நோய் குறைந்திருக்கக் காணப்பட்டது. தேயிலை வாசல் வரை வந்துள்ள லயங்களில் வாழ்வோர்க்கு இதன் கருத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிலத்திலும் சேர்க்கை, உணவிலும் சேர்க்கை

மெக்சிக்கோக் கமக்காரரின் அறிவு அடுப்போடு நிற்கவில்லை. அவர்கள் சோளத்தைத் தனியே விதைப்பதில்லை. சோளம், கொடி அவரை, பூசணி என்னும் மூன்றையும் ஒரே நிலத்தில் வளர்ப்பர். இதற்கு மில்பா என்பது பெயர். சோளத்தண்டு அவரைக் கொடிக்குக் கம்பாக நிற்கின்றது. அவரையின் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன. பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடிக் களையை அடக்கி, ஈரத்தைக் காத்து, மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமற் தடுக்கின்றன.

இதே சேர்க்கை உண்கலத்திலும் பயன் தருகின்றது. சோளத்தின் புரதத்தில் லைசின், திரிப்டோபான் என்னும் இரு கூறுகள் குறைவு. அவரை வகைகளில் லைசின் மிகுதி. இரண்டையும் சேர்த்து உண்ணும்பொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. பிற்காலத்தில் மெக்சிக்கோவிலுள்ள பன்னாட்டுச் சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் எவாஞ்செலினா வில்லேகாஸ் அம்மையாரும் இந்தியரான சுரிந்தர் வாசலும் இவ்விரு கூறுகளும் மிகுந்த சோள வர்க்கங்களை உருவாக்கி, 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றனர். கோதுமை மாவிலும் லைசின் குறைவே. ஆகவே ரொட்டியோடு சம்பல் மட்டும் போதாது. பருப்போ, போஞ்சி விதையோ, கௌபியோ, கடலையோ உடன் இருத்தல் வேண்டும் என்பது கோதுமைக்கும் பொருந்தும் பாடமாகும்.

நம் நாட்டிலும் இச்சேர்க்கை அறியப்படாததன்று. 1973ஆம் ஆண்டு முதலாகத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா மாவில் சோளமும் சோயா அவரையுமே முக்கிய பொருள்கள். சோளம் நம் லயங்களுக்குள் முன்னரே வந்துவிட்டது. அடுப்பில் மட்டுமே இன்னும் முழு உரிமை பெறவில்லை.

வீட்டிற் செய்யும் முறை

நன்கு காய்ந்த சோளமணி ஒரு கிலோ எடுத்துக் கல்லும் உமியும் நீக்குக. மூன்று லீற்றர் நீரில், உணவுக்குரிய வெண்மையான நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம் கரைத்து, மணிகளை அதிலிட்டு மெல்லிய தீயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை வேகவைக்க. ஒரு மணியை விரல்களுக்கிடையில் தேய்க்கும்பொழுது தோல் வழுக்கிக் கழன்றால் அதுவே பதம். பின்னர் அடுப்பிலிருந்து இறக்கி மூடி, இரவு முழுவதும் ஊறவிடுக. காலையில் மஞ்சள் நீரை வடித்துவிட்டு, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுக. கழுவிய மணியை அம்மியிலோ, ஈரமா அரைக்கும் பொறியிலோ அரைத்து, உப்புச் சேர்த்துப் பிசைக.

இம்மாவிற் கோதுமை மாவைப் போன்ற இழுபடும் தன்மை இல்லை. ஆதலால் உருட்டுக்கட்டையால் தேய்க்காது, சிறு உருண்டையை இரு வாழையிலைத் துண்டுகளுக்கிடையில் வைத்து அழுத்தித் தட்டி, சூடான கல்லில் இருபுறமும் சுடுதல் வேண்டும். தொடக்கத்தில் இம்மாவில் ஒரு பங்கும் கோதுமை மாவில் ஒரு பங்கும் கலந்து சுட்டால் கைக்குப் பழக்கமாகும். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர்த்துத் தட்டினாற் பிள்ளைகள் விரும்பி உண்பர். பருப்புக் கறியோடு உண்பதே சிறந்தது.

இம்முறைக்கு நேரம் வேண்டும் என்பதை மறைத்தலாகாது. மெக்சிக்கோப் பெண்கள் முற்காலத்தில் நாள்தோறும் பல மணி நேரம் அரைகல்லின் முன் முழந்தாளிட்டிருந்தனர். அரைக்கும் ஆலைகள் ஊர்தோறும் வந்த பின்னரே அச்சுமை குறைந்தது. பகல் முழுவதும் கூடை சுமக்கும் தோட்டப் பெண்மீது மற்றொரு சுமையை ஏற்றுதல் நம் நோக்கமன்று. மாலையில் வேகவைத்து வைத்தால் ஊறும் வேலையை இரவு பார்த்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள், ஓய்வு நாளிற் செய்து பார்ப்பது போதும். வேகவைத்தலையும் அரைத்தலையும் வீட்டிலுள்ள ஆடவரும் பகிர்ந்து கொள்ளுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. நிலத்திற்கு இடும் டொலமைற்றையோ விவசாயச் சுண்ணாம்பையோ சமையலுக்கு எடுத்தலாகாது. அவை உணவுப் பொருளல்ல, இவ்வேலையையும் செய்யமாட்டா.

2. நீற்றாத சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதித்துச் சுடும், அதனைக் கையாளற்க. நீற்றிய சுண்ணாம்பும் கண்ணிற் படாமற் காக்க. சிறுவர்க்கு எட்டாத இடத்தில் வைக்க.

3. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு நீர் அரிக்கும். மட்பாண்டமோ துருப்பிடியா உருக்குப் பாத்திரமோ உகந்தது.

4. விதைக்காக விற்கப்படும் சோளத்தில் மருந்து பூசப்பட்டிருக்கும், அதனை உண்ணலாகாது. பூஞ்சணம் பிடித்த மணியை உணவிற்கும் கோழிக்கும் பயன்படுத்தற்க. அதிலுள்ள நஞ்சு சமைப்பதால் முற்றும் நீங்குவதன்று.

5. வடித்த சுண்ணாம்பு நீரைத் தேயிலைச் செடியின் அடியில் ஊற்றற்க. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர்.

6. கடைகளில் விற்கும் வெண்மையான கோன் பிளவர் சோளத்தின் மாப்பொருள் மட்டுமே. அது முழுச் சோளத்திற்கு ஈடாகாது.

நம் நிலத்திற் செய்யத்தக்கது

மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியாவிலும் உயர்ந்த அவ்விடத்தைச் சூழவும் சோளம் விளைகின்றது. ஆயினும் அங்குள்ளவை அக்குளிருக்குப் பழகிய வர்க்கங்கள். நம் நாட்டிற் காய்ந்த சோளம் பெருமளவில் விளைவது அனுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களிலேயே. அதிற் பெரும்பகுதி விலங்குத் தீனிக்குச் செல்கின்றது. குளிரும் மழையும் மிகுந்த மலைப்பகுதியிற் பயிர் முதிரத் தாமதமாகும். மணியைக் காயவைத்தலும் கடினம். ஆகவே மலைநாட்டு வீட்டுத் தோட்டத்திற் பச்சைப் பொத்திக்காகச் சோளம் நடுவதும், சுண்ணாம்பு முறைக்கு வேண்டிய காய்ந்த மணியை உணவுத் தரமாகப் பார்த்து வாங்குவதுமே தக்க வழி.

நடுவோர் வரிசைக்கு வரிசை 60 சதம மீற்றரும் செடிக்குச் செடி 30 சதம மீற்றரும் இடைவெளி விடுக. சோளம் காற்றினால் மகரந்தம் பெறுவது. ஆதலால் ஒரே நீண்ட வரிசையாக நடாது, நான்கு குறுகிய வரிசைகளாகச் சேர்த்து நட்டால் பொத்தியில் மணி நிறைந்து பிடிக்கும். வெயில் படும் இடமும் நீர் தேங்காத நிலமும் வேண்டும். சரிவுகளிற் சமவுயரக் கோட்டின் வழியே நடுக. பயிர் முழங்கால் உயரம் வளர்ந்த பின்னரே அடியிற் கொடிப் போஞ்சி ஊன்றுக. முந்தி ஊன்றினாற் கொடி சோளத்தைச் சாய்த்துவிடும். போஞ்சிக்குக் கம்பு தேடிச் செலவிடும் கமக்காரர் இதனைச் சில அடி நிலத்திற் சோதித்துப் பார்க்கலாம். ஓரத்திற் பூசணிக் கொடி விடுக. ஆண்டுத் தொடக்க மாதங்களில் உறைபனி விழும் பள்ளங்களைத் தவிர்க்க. 2018ஆம் ஆண்டு நம் நாட்டிற் புகுந்த சேனா படைப்புழு சோளத்தின் குருத்தையே தின்பதாகையால், வாரம் இருமுறை குருத்தைப் பார்த்து, முட்டைக் கூட்டங்களையும் புழுக்களையும் கையால் அழித்தல் வேண்டும். வலப்பனை, ஹங்குராங்கெத்த போன்ற இடங்களில் நெல் வயலில் இடைப்பயிர் செய்வோரும் நீர் வடியும் வயல்களில் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சோளம் கோதுமைக்கும் அரிசிக்கும் எதிரியன்று, அவற்றிற்குத் துணை. மெக்சிக்கோக் கமக்காரர் நமக்குத் தரும் விதை சோளம் மட்டுமன்று. எத்தானியத்தை உண்டாலும் அதனைப் பக்குவஞ் செய்யும் முறையை அறிந்து, அதன் குறையை நிரப்பும் அவரையையும் கீரையையும் உடன் சேர்த்து உண்ணுங்கள் என்பதே அவர்கள் தரும் பாடம். லயத்தின் பின்புறத்தில் ஒரு சிறு பாத்தி கிடைப்பினும் அதில் நான்கு வரிசைச் சோளமும் சில போஞ்சிக் கொடிகளும் நிற்கட்டும். மா வராத நாளிலும் அவ்வடுப்பு எரியும்.